வாசல் வரை வராத ஓடை

மக்களே, உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, மெதுவாக வாசியுங்கள். மலையாளத்தில் எழுத எனக்கு வராது. வந்தாலும் இந்த விஷயத்தை அதில் எழுத மாட்டேன்.

பெரியவளே, போன வாரம் நீ இன்டர்வியூ முடிந்து வந்து கட்டிலில் பையை எறிந்தாய். என்ன கேட்டார்கள் என்று உங்கள் அம்மா கேட்டாள். நீ சொன்னாய்: "உங்களப் பத்திச் சொல்லுங்கன்னாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் பெரிசா அறியாது சார், வேல தந்தா படிச்சுக்கிடுவேன்னு சொன்னேன்."

உன் தம்பி சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே, "அக்கா, நீ வேல கேக்கப் போனியா, பிச்ச கேக்கப் போனியா?" என்றான். அம்மா சிரித்தாள். உனக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். நீ சொன்ன அந்தப் பேச்சு உன்னுடையது இல்லை, மக்களே. என்னுடையது. தமிழ்நாட்டில் இருந்து பிழைக்க வந்து, அதை நான் இந்த மலையாள ஊரில் எத்தனையோ வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். எனக்கு அது என்ன கொண்டுவந்து தந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். இது சந்தோஷமான கதை இல்லை. இதில் வருகிற மனிதர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை மறைத்து எழுதப்போவதில்லை.

நம் வீடு, இங்கே வழி என்று சொல்கிற இந்தத் தெருவின் கடைசியில், பள்ளத்தில் இருக்கிறது. மேலே பெரிய கேட் வைத்த வீடுகள். இறங்க இறங்க வீடு சிறுத்துக்கொண்டே வரும். அந்த நாளில் மழை பெய்தால் மேலே உள்ள அத்தனை வீட்டு முற்றத்துத் தண்ணீரும் நம் வாசலில்தான் வந்து நிற்கும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புஸ்தகப் பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, நீங்களும் கட்டில் மேல் உட்கார்ந்திருப்பீர்கள். அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வாளியால் இறைப்பாள். மேல் வீட்டுச் சிமென்ட் முற்றத்தில் உதிர்ந்த பூவெல்லாம் நம் அடுக்களையில் மிதக்கும். ஒருமுறை யாரோ கழற்றி எறிந்த குழந்தையின் ஜட்டி மிதந்து வந்து கேஸ் அடுப்பின் காலில் மாட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு அம்மா அதைக் குச்சியால் எடுத்து வெளியே போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

வழியோரம் மழைத் தண்ணீர் போக ஓடை உண்டு. மேலிருந்து இரண்டு பக்கமும் சிமென்ட் பூசி, மேலே ஸ்லாப் போட்டு அழகாக இறங்கி வரும். அப்போது நமக்கு முந்தின வீட்டு மதிலோடு நின்றுவிடும். அங்கே வாயைப் பிளந்துகொண்டு நம் வாசலைப் பார்த்து நிற்கும். மீதியைக் கட்டக் கார்ப்பரேஷனில் இருந்து ஒரு வேலை வரப்போகிறது, வழியில் உள்ள வீட்டுக்காரர்களின் அசோசியேஷன் சொல்லும் இடம்வரைதான் கட்டுவார்கள் என்று பேச்சு வந்தது. இந்தத் தடவை விட்டால் பிறகு யாரும் அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்க்கப் போவதில்லை. நான் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

கேட்க வேண்டிய ஆள், அசோசியேஷன் செக்ரட்டரி. பெரிய ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். வழியின் நடுவில் அவர் வீடு. முன்திண்ணை மாதிரி உள்ள சிட்அவுட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார். வழியில் போகிற வருகிற எல்லோரும் அந்தப் பேப்பருக்கு மேலாக வருகிற கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தக் கேட்டைத் தாண்டும்போது நான் என்ன செய்வேன் தெரியுமா? மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து இறக்கி விடுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. இந்தப் பக்கத்தில் பெரியவர்களைக் கண்டால் செய்கிற மரியாதை அது, எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் பெரியவரைக் கண்டால் இறக்குவார்கள். நான் அந்தக் கேட்டைக் கண்டாலே இறக்குவேன். நாற்காலி மட்டும் இருந்தாலும் இறக்குவேன். மழைக்காலத்தில் வழியெல்லாம் தண்ணீர் ஓடும்போதும் அந்த இடத்தில் மட்டும் இறக்கி, விளிம்பு சேற்றில் இழுபட நடந்து, தாண்டியதும் மறுபடி மடித்துக் கட்டுவேன். அம்மா வேட்டியைக் கல்லில் அடித்துக்கொண்டே கேட்பாள்: "அந்தச் செக்ரட்டரி வீட்டு நாய்க்கும் எறக்கி விடுவியளோ?"

இதே நான் கடையில் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. ஆரியசாலையில் எங்கள் மிளகாய் மொத்தக் கடையில் வந்து கேட்டுப் பாருங்கள். லாரிக்காரன் ஈர மூட்டையை இறக்கிவிட்டு ஓடப் பார்த்தால் நான் போடுகிற சத்தம் எதிர்த்த கயிற்றுக் கடையில் கேட்கும். சரக்கு எப்போது வரும் என்று கேட்டால் ஒரு நாளைச் சொல்ல வைக்காமல் போனை வைக்க மாட்டேன். "பாக்கலாம்" என்று சொல்கிற வியாபாரியை நான் விட்டதே இல்லை. ஆனால் கடைத் தெருவைத் தாண்டி நம் வழிக்குள் திரும்பினால் யாரைக் கண்டாலும் ஓரமாக ஒதுங்கி நடப்பேன். கடையில் இருக்கிறவன் வேறு ஆள், வீட்டுக்கு வருகிறவன் வேறு ஆள்.

அதற்குக் காரணம் ஒரு பழக்கம். நம் ஊர்ப் பக்கத்தில் இருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்துக்கொண்டுதான் பிழைத்தோம். ரேஷன் கடையோ, ஆஸ்பத்திரிச் சீட்டுக் கொடுக்கிற இடமோ, வில்லேஜ் ஆபீஸோ, எங்கே போனாலும் முதலில் "நாங்க பாவப்பட்ட ஆளுகளாக்கும் சாரே" என்று ஆரம்பிக்க வேண்டும். பிறகுதான் காரியம். நான் வந்த புதிதில் கூடத் தங்கியிருந்தவர்கள் எனக்குச் சொல்லித் தந்த முதல் மலையாளமே கிட்டத்தட்ட அதுதான். அப்படிச் சொன்னால் அவர்கள் முகம் கொஞ்சம் இளகும். காரியம் நடக்கும். நடக்காவிட்டாலும் திட்டு விழாது. அதனால் எங்கள் வாய் அதை விடவே இல்லை. சொந்தமாக வீடு வாங்கி, வரி கட்டி, ஓட்டுப் போட்டு, பிள்ளைகளை இங்கே படிக்க வைத்த பிறகும் விடவில்லை.

அன்றைக்கும் அப்படித்தான் போனேன். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"எந்தா அண்ணாச்சி?" என்றார் செக்ரட்டரி. நம் ஊரில் அண்ணாச்சி என்றால் மூத்தவரை மதித்துக் கூப்பிடுவது. அவர் வாயில் அது, தமிழன் எவனையும் பேர் தெரியாமலே கூப்பிட ஒரு வசதி.

"சாரே, நாங்க பாவப்பட்ட ஆளுகளாக்கும். மழ பெய்ஞ்சா வீட்டுக்குள்ள வெள்ளம் கேறுது. பிள்ளையளும் நாங்களும் ரொம்பக் கஷ்டத்துல கெடக்கோம். சாரு மனசு வச்சு எதாவது செய்யணும்."

அவர் பேப்பரை மடித்தார். முகத்தில் ஒரு பெரிய இரக்கம் வந்தது. "செய்யாம், செய்யாம். ஓணம் வருகயல்லே? நிங்ஙளப் போலுள்ளவர்க்கு வேண்டி நம்மள் ஒரு காரியம் ஆலோசிச்சிட்டுண்டு."

ஓணத்துக்கு உங்களைப் போன்றவர்களுக்காக ஒரு காரியம் யோசித்து வைத்திருக்கிறோம் என்கிறார். நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். ஓணத்துக்குள் ஓடை வந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஓடைன்னு அவரு வாயால சொன்னாரா?"

"செய்யாம்னு சொன்னாரு."

"எதச் செய்வாராம்?"

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"நீங்க ஓடைன்னு சொன்னியளா?"

நான் வெள்ளம் என்று சொன்னேன், கஷ்டம் என்று சொன்னேன், பிள்ளைகள் என்று சொன்னேன். ஓடை என்கிற வார்த்தையைச் சொல்லவே இல்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அசோசியேஷனின் ஓண விழாவுக்கு, ஓணப் பரிபாடி என்பார்கள், வழியின் மேல்முனையில் பந்தல் போட்டிருந்தார்கள். தரையில் பூவால் போட்ட பெரிய அத்தப்பூக் களம். வடம் இழுக்கிற போட்டி. பெரியவளே, நீ அப்போது ஏழாவது படித்தாய், பச்சைப் பாவாடை கட்டியிருந்தாய். சின்னவன் பாயசம் எப்போது என்று கேட்டுக்கொண்டே வந்தான். நாம் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அங்கே உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாமே போய் உட்கார்ந்தோம்.

மேடையில் வார்டு கவுன்சிலர் இருந்தார், ஒரு நடுவயது அம்மா. அவர் பக்கத்தில் செக்ரட்டரி. இன்னொரு பக்கம் அசோசியேஷன் பொருளாளர். இந்தப் பொருளாளர் நம் ஆள்தான். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கணக்கு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்குள் தமிழ், வாசலுக்கு வெளியே மலையாளம். அவரைத்தான் நான் நிஜமாகவே அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

பாட்டெல்லாம் முடிந்ததும் செக்ரட்டரி மைக்கைப் பிடித்தார். "அடுத்ததாயி, நம்முடெ வழியிலெ பாவப்பெட்ட குடும்பங்ஙள்க்குள்ள ஓணக்கிட்டு."

ஓணக்கிட்டு என்றால் பண்டிகைக்குத் தருகிற இனாம் பை. கோயில் வாசலில் பூக்கட்டுகிற கிழவியைக் கூப்பிட்டார்கள். பெருக்க வருகிற அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர்கள் போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, கிடைத்தது அவர்களுக்கு உதவும். அதற்குப் பிறகு செக்ரட்டரி பேப்பரில் இருந்து தலை தூக்கிச் சொன்னார்: "பின்னெ, நம்முடெ அவசானத்தெ வீட்டிலெ அண்ணாச்சி."

கடைசி வீட்டு அண்ணாச்சி, நான்தான். அம்மா என் கையைப் பிடித்தாள். "போகாதிய" என்றாள். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். கால் தானாக நடந்தது. மேடைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அரிசி, சர்க்கரை, நேந்திரங்காய் வறுவல், ஒரு தேங்காய், எல்லாம் போட்ட துணிப்பை. பையில் அசோசியேஷன் பேர் பெரிதாக அச்சடித்திருந்தது. கவுன்சிலர் ஒரு கையும் செக்ரட்டரி ஒரு கையும் பிடித்து அதை என்னிடம் தந்தார்கள். போட்டோ எடுக்கிறவன், "சேட்டா, ஒந்நு சிரிக்கூ" என்றான்.

அப்போது நான் உங்களைப் பார்த்தேன். கடைசி வரிசையில் சின்னவன் கை தட்டிக்கொண்டிருந்தான், அப்பாவுக்குப் பரிசு கிடைத்தது என்று நினைத்து. பெரியவளே, நீ தலையைக் குனிந்து பாவாடை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. நான் ஓடை கேட்கப் போனேன். ஆனால் நான் கேட்ட விதத்துக்கு அரிசிதான் வரும். செக்ரட்டரி என்னை ஏமாற்றவில்லை. நான் எதைச் சொன்னேனோ அதற்கு உள்ளதைத் தந்தார். அதனால் அவர் நல்லவர் ஆகிவிட மாட்டார். இருந்தாலும் அது அப்படித்தான்.

நான் இறங்கவில்லை. "ஒரு வாக்கு பறயணும்" என்று மைக்கைக் கேட்டேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து அவரே சிரித்துக்கொண்டு தந்தார்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். நாங்க பாவ..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. பாருங்கள், அந்த நேரத்திலும் அதுதான் வருகிறது. நிறுத்தினேன். பந்தலில் யாரோ இருமினார்கள். கடையில் லாரி வந்து நிற்பதாக நினைத்துக்கொண்டேன்.

என் பேரைச் சொன்னேன். முழுப் பேர். "அண்ணாச்சி இல்ல, இதாக்கும் என் பேரு. ஆரியசாலையில மொளகாய் மொத்தக் கடையில சேல்ஸ் பாக்கேன். இந்த வழியில கடேசி வீடு. நான் பாவப்பட்டவன்னு செக்ரட்டரி சார்ட்டச் சொன்னது நான்தான். அத இப்பம் மாத்திச் சொல்லுதேன். இந்தப் பை எனக்கு வேண்டாம். இது வேண்டிய ஆளுக்குக் கொடுங்க. எனக்கு ஓடை வேணும். மேல இருந்து வாற ஓடை எங்க வீட்டுக்கு முன்ன நிக்கி. அத மிச்சமும் கெட்டணும்."

பாதி தமிழ், பாதி மலையாளம். ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. கடைச் சத்தம் வந்துவிட்டது, மைக்கே தேவைப்படவில்லை.

பின்னால் வடம் இழுத்த பையன்களில் ஒருவன் கத்தினான்: "அண்ணாச்சீ, பாயசம் கழிஞ்ஞிட்டு பிரசங்கம் போரே?" பாயசம் குடித்த பிறகு பிரசங்கம் வைத்தால் போதாதா என்கிறான். பந்தல் முழுக்கச் சிரிப்பு. இன்னொருவன், "கிட்டில் பப்படம் இல்லெந்நு தோந்நுந்நு!" என்றான். பையில் அப்பளம் இல்லாததால்தான் எனக்குக் கோபமாம். அதற்கும் சிரிப்பு. முன்வரிசையில் பட்டுச்சேலைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

செக்ரட்டரியின் முகம் மாறிவிட்டது. இது புகார் சொல்கிற இடம் இல்லை என்றார். "எடோ, இது ஓணப் பரிபாடியாணு. பராதி பறயான் வேறெ ஸ்தலமுண்டு."

"உங்க வீட்டு நடைக்கு வந்து சொன்னேனே சாரே. அதுக்குத்தான் இந்த அரிசி கிடைச்சுது."

"வாடகைக்காரன் பறஞ்ஞால் ஓட கெட்டான் பற்றுமோ? தன்றெ வீட்டுக்காரனோடு வரான் பற!"

வாடகைக்காரன் கேட்டால் ஓடை கட்ட முடியாது, வீட்டுக்காரனை வரச் சொல்லு என்கிறார். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. யார் வாடகைக்காரன்?

"நான்தான் வீட்டுக்காரன்."

"ஏது வீட்டின்றெ?"

"நான் இருக்கிற வீட்டுக்கு. சொந்த வீடாக்கும். பத்திரம் என் பேர்ல, வீட்டுக் கரம் கெட்டுறது நான்."

அவர் நம்பவில்லை. அது நடிப்பு இல்லை, நிஜமாகவே நம்பவில்லை. இத்தனை வருஷம் நான் யாருடைய வீட்டிலோ ஒண்டிக் கிடக்கிற கூலிக்காரன் என்றே அவர் நினைத்திருந்தார். கடைசி வீட்டு உடைமஸ்தன் எங்கோ வெளியூரில் இருக்கிறான், அவன் வந்து கேட்கட்டும் என்றுதான் ஓடையை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நான் ஒருநாளும் அவரிடம் இது என் வீடு என்று சொன்னதில்லை. கேட்டைக் கண்டால் வேட்டியை இறக்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போகிறவனை அவர் வேறு யார் என்று நினைப்பார்?

ஆனால் அந்த மேடையில் ஒருவருக்குத் தெரியும். நான் பொருளாளரைத் திரும்பிப் பார்த்தேன். வீடு பதிந்த அன்றைக்கு அவர் வீட்டுக்கு நானும் அம்மாவும் போய் லட்டு கொடுத்தோம். வாங்கித் தின்றார்.

"அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியுமே. நீங்க சொல்லுங்க."

அவர் மைக்குக்குக் கேட்காதபடி குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "வே, சும்மா எறங்கும். நம்ம ஆளுகளுக்கே இதால கேவலம். எல்லாரும் பாக்கான்."

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சா ஆச்சா? நீரு எப்பமாவது ஒரு மீட்டிங்குக்கு வந்து வாயத் தொறந்து சொன்னீரா? உம்ம வீட்ட உமக்காக நான் சொல்லணுமோ?"

மக்களே, அந்த மனிதர் மேல் எனக்குச் செக்ரட்டரியை விடக் கோபம் அதிகம். தெரிந்துகொண்டே வாயை மூடியிருந்தவர். மிளகாய்க் கடைக்காரன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று நினைத்தவர். ஆனால் அவர் கேட்டதும் சரிதான், அதுவரை நான் ஒரு மீட்டிங்குக்கும் போனதில்லை.

அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த கவுன்சிலர் தலையைத் தூக்கி, ஓடை எதுவரை இருக்கிறது என்று கேட்டார். "ஓட எவிடெ வரெ உண்டு?"

"அவசானம் வரெ உண்டு மேடம்" என்றார் செக்ரட்டரி.

"அவசானம் நான்தான் மேடம்" என்றேன். "எனக்கு முன்ன நிக்கி."

"நோக்காம்."

நோக்காம் என்றால் பார்க்கலாம். இந்த வார்த்தையைச் சொல்லி எந்த வியாபாரியும் என்னிடம் தப்பியதில்லை. "எப்பம் மேடம்?"

பந்தலில் இருந்து "ஓஹோ" என்று ஒரு சத்தம் எழுந்தது. செக்ரட்டரி மைக்கைப் பிடுங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அந்த அம்மா என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். அவருக்கும் எரிச்சல்தான். ஆனால் சொன்னார்: "திங்களாழ்ச்ச ஆள் வந்நு அளக்கும்."

"திங்கள் காலத்தயா உச்சைக்கா? நான் கடையில லீவு சொல்லணும்."

"ராவிலெ", காலையில் என்றார்.

போதும். நான் மைக்கை மேசையில் வைத்தேன். பையையும் அதன் பக்கத்தில் வைத்தேன். இறங்கும்போது செக்ரட்டரி பக்கத்தில் இருந்தவரிடம், "அஹங்காரம் கண்டோ?" என்றார். மைக் அணையவில்லை. வழி முழுக்கக் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் அது கேட்டது.

நான் நேராகக் கடைசி வரிசைக்கு வந்து உங்களைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன். வழியில் நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள், சொறிநாய்க்கு விடுகிற மாதிரி. சின்னவன் பாயசம் இல்லாமல் வரமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்து அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பெரியவளே, நீ முன்னால் வேகமாக நடந்தாய். வீட்டு நடை ஏறும்போது திரும்பி, "நாணக்கேடு" என்றாய். உன் கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அங்கே இருந்தார்களாம். நான் அரிசி வாங்க மேடை ஏறியதை விட, மேடையில் நின்று கத்தியதுதான் உனக்கு நாணக்கேடாக இருந்தது. அதற்கு உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு உள்ளது அப்படியே உனக்கும் வந்திருக்கிறது என்று அன்றைக்கே நான் கண்டிருக்க வேண்டும்.

அம்மாவும் என்னைப் பாராட்டவில்லை. "கேட்டது சரி. பிள்ளையள் ரெண்டு வாய் சாப்பிட்ட பெறவு கேக்கப்படாதா?" என்றாள். அதற்குப் பிறகுதான் அடுப்பில் உலை வைத்தாள். ஓணத்தன்றைக்கு நாம் ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் நான் இல்லை, ஆனால் அதில் வந்ததெல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. நான் பையோடு நிற்கிற போட்டோவைப் போட்டு, நன்றி இல்லாத பாண்டி என்று, தமிழனை இங்கே இளக்காரமாகக் கூப்பிடுகிற பேரை வைத்து, ஒருவன் எழுதியிருந்தான். அதற்குப் பலர் கை தட்டுகிற படம் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி உங்களை விளையாடக் கூப்பிடுவதை நிறுத்தினாள். பொருளாளர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். திங்கட்கிழமை காலையில் டேப்போடு ஆள் வந்தான். செக்ரட்டரி குடை பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன்.

ஓடை வந்தது. சரியாகக் கட்டவில்லை. நம் வாசல் ஸ்லாப்களில் ஒன்று இன்னும் ஆடுகிறது, பைக் ஏறினால் டொக் என்று சத்தம் வரும். ஆனால் அதற்குப் பிறகு உங்கள் புஸ்தகப் பை கட்டிலில் ஏறவில்லை. நான் அடுத்த மாதமே அசோசியேஷனில் மெம்பர் ஆனேன். மீட்டிங்கில் நடு வரிசையில் உட்காருவேன். யாரும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார மாட்டார்கள். நான் அங்கே காலை நீட்டிக்கொள்வேன்.

பெரியவளே, உன்னை மேடை ஏறிக் கத்தச் சொல்லவில்லை. உனக்கு என்னென்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் மலையாளம், இங்கிலீஷ், ஹிந்தி என்று மூன்று பாஷையில் அடிப்பாய். அம்மாவுடைய ஆஸ்பத்திரிக் காரியம் முழுவதையும் நீதான் பேசி முடித்தாய். நம் கடை முதலாளியே ஜிஎஸ்டியில் ஒரு சந்தேகம் வந்தால் உன்னைக் கேட்டுச் சொல்லச் சொல்வார். அடுத்தமுறை உன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் இதைச் சொல். பேரை முதலில் சொல். ஒன்றும் அறியாது என்று ஆரம்பித்தால் அவர்கள் அதை நம்பிவிடுவார்கள். நம்ப வேண்டாம் என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அம்மாவிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று கண்டேன். மேடைக்குக் கீழே கழற்றிவிட்டது, அங்கேயே கிடக்கிறது. ராத்திரி நல்ல மழை. நீங்கள் தூங்கிவிட்டீர்கள், அம்மா வாளியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் குடை எடுக்காமல் வெளியே இறங்கினேன். பந்தலில் ஆள் இல்லை. நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். அத்தப்பூக் களம் கலைந்து, நிறம் நிறமாக வழியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. என் செருப்பு ஒன்று மேடைக்கு அடியிலும் மற்றது பந்தல் காலிலும் கிடந்தது. போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன்.

செக்ரட்டரி வீட்டுக் கேட் வந்தது. சிட்அவுட்டில் விளக்கு எரிந்தது. நாற்காலி இருந்தது, ஆள் இல்லை. வழியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடியது. என் கை இடுப்புக்குப் போய்விட்டது. மடிப்பின் நுனியைப் பிடித்தும்விட்டது. நான் நின்றேன். பிடித்த நுனியை அவிழ்க்காமல், இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி, இறுக்கிச் சொருகினேன். கேட்டின் நீளம் முழுவதும் மெதுவாக நடந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து வேட்டியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். மழை நனைத்திருந்தது, ஆனால் சேறு படவில்லை.